குவாந்தான் கடலில் இரண்டு கப்பல்கள்

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைக் குவாந்தானுக்கு அருகிலுள்ள தெலுக் செம்பெடாக் கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தோம். கடலைக் காட்டி, "அதோ, அந்தத் திசையில் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன" என்றேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "எவ்வளவு பெரிசு சார்? நம்ம தோட்டத்து ஆலையை விடவா?" என்று கேட்டான்.

ஒரு கப்பலின் நீளம் 227 மீட்டர். இரண்டு பந்துத் திடல்களை நீளவாக்கில் ஒட்டி வைத்தாலும் அதற்கு ஈடாகாது. பையன் வாயைப் பிளந்தான். "அவ்வளவு பெரிய கப்பல் எப்படி சார் முழுகும்?" என்றான். அவனுக்கு அங்கே சொன்னதை வாசகர்களாகிய உங்களுக்கும் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

1941 டிசம்பர் 2ஆம் தேதி அந்த இரண்டு கப்பல்களும் சிங்கப்பூர் கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்று 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', புத்தம் புதியது. அதே ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' கப்பலோடு மோதியது. ஆகஸ்டில், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்திக்கப் போன பிரதமர் சர்ச்சிலைச் சுமந்து சென்றது. மற்றது 'ரிபல்ஸ்', முதல் உலகப் போர்க் காலத்தது. வயதானாலும் வேகமானது. பத்திரிகையும் வானொலியும் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' வந்த சேதியை ஊரறியப் பரப்பின. இனி ஜப்பான்காரன் வாலாட்ட மாட்டான் என்று தோட்டத்துக் கிராணியிலிருந்து பட்டணத்துக் கடைக்காரர் வரை நம்பினார்கள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. இவற்றோடு வர வேண்டியிருந்த 'இன்டாமிடபிள்' என்னும் விமானம் தாங்கிக் கப்பல், நவம்பரில் ஜமைக்கா அருகே தரை தட்டிப் பழுதுபார்க்கப் போய்விட்டது. ஆகவே கப்பல்களுக்குத் தலைக்கு மேல் குடை இல்லை.

டிசம்பர் 8ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். அன்று மாலையே அட்மிரல் டாம் பிலிப்ஸ் தம் இரு பெருங்கப்பல்களையும் நான்கு நாசகாரிக் கப்பல்களையும் கூட்டிக்கொண்டு வடக்கே புறப்பட்டார். எதிரியின் துருப்புக் கப்பல்களைத் திடீரென்று போய்த் தாக்குவது அவருடைய எண்ணம். போகும் வழியிலேயே, "வடக்கே உங்களுக்கு விமானப் பாதுகாப்புத் தர இயலாது" என்ற செய்தி சிங்கப்பூரிலிருந்து வந்தது. வடக்கிலிருந்த விமானத் தளங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. 9ஆம் தேதி எதிரி விமானங்கள் தம்மைப் பார்த்துவிட்டன என்று தெரிந்ததும், அட்மிரல் அன்றிரவே சிங்கப்பூருக்குத் திரும்ப முடிவு செய்தார். அது சரியான முடிவு. அந்தப் பாதையிலேயே போயிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம்.

நள்ளிரவு வாக்கில் இன்னொரு செய்தி வந்தது. குவாந்தானில் எதிரி இறங்குகிறான் என்றது அது. கப்பல்கள் குவாந்தான் பக்கம் திரும்பின. திரும்பியதை அட்மிரல் சிங்கப்பூருக்குத் தெரிவிக்கவில்லை. வானொலியைத் திறந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்று அவர் மௌனம் காத்தார். 10ஆம் தேதி காலை எட்டு மணிக்குக் குவாந்தானை நெருங்கிப் பார்த்தால், கரையில் ஓர் எதிரியும் இல்லை. செய்தி பொய். அப்போதாவது நேரே தெற்கே போனார்களா? வழியில் கண்ட ஒரு படகையும் தோணிகளையும் தேடிப் பார்ப்போம் என்று அந்தக் கடலிலேயே சுற்றினார்கள்.

பத்து மணிக்குமேல் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று அவர்களைக் கண்டுகொண்டது. சைகோன் பக்கத்துத் தளங்களிலிருந்து கிளம்பிய எண்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் அப்போது இவர்களைத்தான் தேடி அலைந்துகொண்டிருந்தன. அவை இரட்டை எஞ்சின் விமானங்கள். சில குண்டு சுமந்தவை, சில டார்பிடோ சுமந்தவை. டார்பிடோ என்பது தண்ணீருக்குள் மீன்போலத் தானே ஓடிப்போய்க் கப்பலின் விலாவில் வெடிப்பது. குண்டு மேல்தளத்தை உடைக்கும். டார்பிடோவோ நீர்மட்டத்துக்குக் கீழே துளை போட்டுக் கடலையே உள்ளே விடும்.

11.13க்குத் தாக்குதல் தொடங்கியது. அரை மணி நேரத்துக்கெல்லாம் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கப்பலின் பின்புறத்தில், அதன் விசிறியைச் சுழற்றும் தண்டுக்கு அருகில், ஒரு டார்பிடோ வெடித்தது. தண்டு வளைந்தது. வளைந்த தண்டு விடாமல் சுழன்று கப்பலின் உட்சுவர்களை உள்ளிருந்தே கிழித்தது. தண்ணீர் புகுந்தது, மின்சாரம் போயிற்று, சுக்கான் வேலை செய்யவில்லை. விமானங்களைச் சுட வேண்டிய பீரங்கிகள் பலவும் மின்சாரம் இல்லாமல் அசையாமல் நின்றன. ஒரே அடியில் அந்தப் பெருங்கப்பல் நொண்டியாயிற்று.

'ரிபல்ஸ்' கப்பலின் கேப்டன் டென்னன்ட் வேறு மாதிரி மனிதர். அவ்வளவு பெரிய கப்பலை இடமும் வலமும் திருப்பித் திருப்பி, பாய்ந்து வந்த பத்தொன்பது டார்பிடோக்களுக்குத் தப்ப வைத்தார். முதல்முதலாக வானொலியைத் திறந்து, எதிரி விமானங்கள் தாக்குகின்றன என்று சிங்கப்பூருக்குச் சொன்னவரும் அவர்தான். அப்போது மணி 11.58. தாக்குதல் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது! செம்பவாங்கிலிருந்து ஆஸ்திரேலியப் படையின் 'பபலோ' விமானங்கள் பறந்து வந்தன. அவை வருவதற்குள், பல திசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பாய்ந்த டார்பிடோக்கள் 'ரிபல்ஸ்' கப்பலைச் சாய்த்துவிட்டன. 12.33க்கு அது மூழ்கியது. ஒரு மணி இருபது நிமிட வாக்கில் மற்றதும் கவிழ்ந்தது. உதவிக்கு வந்த விமானிகள் மேலிருந்து பார்த்தது, எண்ணெய் மிதந்த கடலில் தத்தளித்த மனிதத் தலைகளைத்தான்.

இரு கப்பல்களிலுமாக இருந்தவர்கள் 2,921 பேர். 840 பேர் இறந்தார்கள். அட்மிரல் பிலிப்ஸும் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கேப்டன் லீச்சும் அவர்களில் அடக்கம். டென்னன்ட் உயிர் பிழைத்தார். ஜப்பானியர் இழந்தவை மூன்றே விமானங்கள். நடுக்கடலில் ஓடியபடி போரிடும் பெரும் போர்க்கப்பலை விமானங்கள் மட்டுமே மூழ்கடித்தது உலகில் அதுவே முதல் தடவை.

'பபலோ' மெதுவான விமானம்தான். ஆனால் அன்று வந்த ஜப்பானிய விமானங்களுக்குத் துணையாக ஒரு சண்டை விமானம்கூட வரவில்லை. பத்துப் பன்னிரண்டு 'பபலோ'க்கள் அங்கே நேரத்தோடு இருந்திருந்தால், குறிபார்த்துத் தாழப் பறந்தவர்களைக் கலைத்தாவது விட்டிருக்கும் என்பது என் எண்ணம். பத்து மணிக்கே எதிரி பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு மௌனம் யாரிடமிருந்து எதை மறைக்க?

என் பாட்டிக்கு அப்போது பதினாறு வயது, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். கிராணி பெரட்டுக் களத்தில் சேதி சொன்னபோது யாரும் நம்பவில்லையாம். "கப்பல் முழுகுன அன்னிக்கே வெள்ளைக்காரன் போயிட்டான்டா, கொடி எறங்கத்தான் நாளாச்சு" என்பார். அவர் சொன்னது மிகையில்லை. மறுநாள் பினாங்கில் குண்டு விழுந்தது. ஒரு வாரத்தில் அங்கிருந்த ஐரோப்பியர்கள் இரவோடிரவாக வெளியேறினார்கள். நம் மக்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியைக் கீழே இறக்கியவர், இலங்கைத் தமிழரான பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து. ஜப்பானியர் மேலும் குண்டு போடாமலிருக்க அவர் செய்த காரியம் அது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் விழுந்தது. அதன்பின் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் கதை உங்கள் வீட்டிலும் இருக்கும்.

கப்பல்கள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. பிரிட்டிஷ் சட்டப்படி அவை போர்வீரர்களின் கல்லறைகள். ஆனால் பழைய இரும்புக்கு விலை உண்டு. அணுகுண்டுக் காலத்துக்கு முன் வார்த்த எஃகுக்கும், விசிறிகளின் வெண்கலத்துக்கும் தனி மதிப்பு. திருடர்கள் பல ஆண்டுகளாக அவற்றை உடைத்து அள்ளி வந்திருக்கிறார்கள். 2023 மே மாதம் நம் கடலோரக் காவல் அதிகாரிகள் ஜோகூர் கடலில் ஒரு சீனக் கப்பலைத் தடுத்து நிறுத்தியபோது, அதில் துருப்பிடித்த பழைய இரும்போடு பீரங்கிக் குண்டுகளும் இருந்தன.

இதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். பந்துத் திடல் கணக்குக் கேட்ட அதே பையன் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "உள்ள இருந்தவங்களையும் சேர்த்தா சார் எடுத்துட்டுப் போனாங்க?" என்று கேட்டான். பேருந்து வந்துவிட்டது, ஏறு என்றேன்.