பயிர் நோய்க்கு மருந்தாகும் வைரஸ்

நேற்று வரை பச்சையாக நின்ற தக்காளிச் செடி இன்று திடீரென்று வாடிக் கிடக்கிறதா? தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மறுபடியும் பாய்ச்சிடாதீங்க. முதலில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள்.

வாடிய செடியின் தண்டை அடிப்பக்கம் வெட்டி, வெட்டிய முனையைக் கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய். இதற்குப் பூஞ்சாணக் கொல்லி அடித்தால் காசுதான் வீண். ஆன்டிபயாடிக் மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தாலோ, கிருமி அதற்குப் பழகிவிடும்.

பேஜ் என்றால் என்ன?

பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ்தான் பாக்டீரியோபேஜ், சுருக்கமாக பேஜ். மண்ணிலும் நீரிலும் இயற்கையாகவே இருக்கிறது. 1915-ல் பிரிட்டனின் பிரெடெரிக் ட்வார்ட்டும், 1917-ல் பெலிக்ஸ் டி ஹெரெலும் இதைக் கண்டறிந்தார்கள். பேஜ் பாக்டீரியாவின் மேல் ஒட்டி, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். அங்கேயே பல மடங்கு பெருகி, பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்ததைத் தேடும்.

வைரஸ்னு சொன்னதும் பயப்பட வேண்டாம். மனிதர், கால்நடை, பயிர் எதையும் இது தாக்காது. ஒவ்வொரு பேஜும் குறிப்பிட்ட பாக்டீரியாவையே தேடுவதால், மண்ணில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் தப்பிக்கும்.

எங்கே பயன்படுகிறது?

தக்காளி, குடைமிளகாயில் வரும் பாக்டீரியா இலைப்புள்ளி நோய்க்கான பேஜ் தயாரிப்பு, அமெரிக்காவில் 2005-ல் அரசுப் பதிவு பெற்றது.

குறைகளும் உண்டு

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பேஜை அழித்துவிடும். அதனால் மாலையில் தெளிப்பதே நல்லது. தாமிர மருந்தோடு கலந்தாலும் பேஜ் செயலிழக்கும். கிருமி தப்பிக்காமல் இருக்கப் பல பேஜ்களைச் சேர்த்தே தயாரிக்க வேண்டும். முக்கியமாக, இது வருமுன் காக்கும் முறை. வாடிய செடியை மீட்காது.

நீங்கள் செய்ய வேண்டியது

* வாடிய செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள்.
* அந்தப் பாத்தித் தண்ணீரை அடுத்த பாத்திக்கு விடாதீங்க.
* அடுத்த போகம் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வேண்டாம். நெல் அல்லது மக்காச்சோளம் போடலாம்.
* யாராவது "பேஜ் மருந்து" என்று விற்றால், பதிவு எண், எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு என்பதை லேபிளில் பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள்.

சந்தேகம் இருந்தால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகுங்கள். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.