எட்டு ஏர் நிலமும் எட்டாயிரம் சதுர மீட்டரும்

அட்டவணையின் ஸ்கீமா என்பது அதிலுள்ள தரவு அல்ல. தரவு எந்த வடிவில் இருக்கும் என்ற விவரக்குறிப்பு. அட்டவணையின் பெயர், நெடுவரிசைகளின் பெயர்கள், ஒவ்வொன்றிலும் வருவது எண்ணா எழுத்தா தேதியா என்ற தரவினம், காலியாக விடலாமா என்ற விதி ஆகியவை அதில் அடங்கும். 2012இல் ஃபேஸ்புக்கில் உருவான பிரெஸ்டோ, அதிலிருந்து கிளைத்த ட்ரினோ போன்ற வினவல் எஞ்சின்கள் தரவைத் தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை. வேறெங்கோ கிடக்கும் கோப்புகளைப் போய்ப் படிக்கின்றன. அங்கே என்ன இருக்கிறது என்பதை ஸ்கீமா சொல்லித்தான் அவை அறியும்.

நில ஆவணமான சிட்டாவை எடுத்துக்கொள்வோம். அதை இணையத்தில் பார்க்க மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1989இல் வடார்க்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டத்தின் பெயர் திருவண்ணாமலை. அதற்குள் ஒரு வட்டத்தின் பெயரும் அதுவே, கோயில் இருக்கும் நகரத்தின் பெயரும் அதுவே. எந்தத் திருவண்ணாமலை என்பது அந்தப் பெயர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ட்ரினோவில் அட்டவணையின் முழுப்பெயருக்கும் இப்படி மூன்று படிகள் உண்டு: கேட்டலாக், ஸ்கீமா, அட்டவணை. இங்கே ஸ்கீமா என்பது அட்டவணைகளின் தொகுப்பு. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்தது கணினித் துறையின் அலட்சியம்தான்.

சிட்டாவில் புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை முதலிய நெடுவரிசைகள் உண்டு. (தரவுத்தளப் பாடத்திலும் தகவல் நிரம்பும் இடத்துக்குப் 'புலம்' என்றே பெயர்.) புல எண்ணை எழுத்து என்று அறிவித்தால், வரிசைப்படுத்தும்போது 9க்கு முன்னால் 100 வந்து நிற்கும். உட்பிரிவை எண் என்று அறிவித்தால் '2ஏ' படிக்க முடியாமல் போகும். உட்பிரிவே இல்லாத நிலத்துக்கு இடைக்கோடு போடுவது வழக்கம். மனிதருக்கு அது 'இல்லை'. எஞ்சினுக்கோ அதுவும் ஒரு மதிப்பு. உட்பிரிவு உள்ள நிலங்கள் எத்தனை என்று கேட்டால் அதையும் சேர்த்து எண்ணிவிடும். மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' (NULL) பதிந்திருந்தால்தான் விட்டுவிடும்.

பரப்பில்தான் பெரிய ஆபத்து. சிட்டாவில் அது ஹெக்டேர் - ஏர் என்று எழுதப்படும். 100 ஏர் ஒரு ஹெக்டேர். '0 - 8' என்றால் 8 ஏர், ஏறக்குறைய 20 சென்ட். கோப்பு தயாரிப்பவர் இடைக்கோட்டைப் புள்ளியாக்கி, ஸ்கீமாவில் 'தசம எண், ஹெக்டேர்' என்று குறித்துவிட்டால் அது 0.8 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 2 ஏக்கர். 800 சதுர மீட்டர் 8,000 ஆகிவிடும். எஞ்சின் எந்தப் பிழையும் காட்டாது, 0.8 முறையான தசம எண்தானே. ஹெக்டேருக்கு ஒன்று, ஏருக்கு ஒன்று என இரண்டு நெடுவரிசைகள் வைத்துக் கணக்கிடுவதே சரி.

ஆனால் நெடுவரிசையின் பெயரைத் தவறாகக் கேட்டால் எஞ்சின் உடனே மறுத்துவிடும். தரவைத் தொடுவதற்கு முன்பே வினவலை ஸ்கீமாவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஸ்கீமா வேலையையும் குறைக்கும்: வட்டவாரியாகப் பிரித்து வைத்த கோப்புகள் என்று அதில் இருந்தால், செங்கம் வட்டத்தைக் கேட்கும்போது ஆரணியின் கோப்புகளைத் திறக்காது.

வழக்கமான தரவுத்தளம் தரவு உள்ளே வரும்போதே ஸ்கீமாவைக் காட்டித் தடுக்கும். கோப்புகளைப் படிக்கும் எஞ்சினுக்கோ படிக்கும் வேளையில்தான் சோதனை. காற்புள்ளியிட்ட சிஎஸ்வி கோப்பில் தரவினம் பற்றிய குறிப்பே கிடையாது. நடுவில் ஒரு நெடுவரிசையைச் செருகினால் தீர்வை இருந்த இடத்தில் பரப்பு வந்து உட்காரும். பார்கே என்ற வடிவத்தில் உள்ள கோப்போ தன் ஸ்கீமாவைக் கடைசிப் பகுதியில் தானே சுமக்கிறது. எஞ்சின் அதை வாலிலிருந்துதான் படிக்கத் தொடங்கும்.

நகர நிலங்களுக்குச் சிட்டாவின் அமைப்பு பொருந்தாது. அங்கே வார்டு, பிளாக், நகர நில அளவை எண் என்று வேறு பதிவேடு. இரண்டையும் ஒரே வினவலில் அடுக்க, நெடுவரிசைகளின் எண்ணிக்கையும் தரவினமும் ஒத்திருக்க வேண்டும். கிராம நிலத்துக்கு வார்டும் பிளாக்கும் இல்லாததால், அந்த இடங்களில் 'நல்' என்றே நிரப்ப வேண்டும்.