பனிமலைக் கோரையின் மறுவாழ்வு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் காஸ்கேட் மலைத்தொடர் உள்ளது. அங்குள்ள காஸ்கேட் கணவாய் ஏறத்தாழ 1,640 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. பனி உருகிய நீரால் நனைந்திருக்கும் அதன் பள்ளங்களில் ஒருவகைக் கருங்கோரை பாய் விரித்தாற்போல் வளர்கிறது. இதன் அறிவியல் பெயர் கேரெக்ஸ் நிக்ரிகன்ஸ். ஒரு சாண் உயரமே வளரும் இச்செடி, தன் அடர்ந்த வேர்களால் மலைமண்ணை இறுகப் பற்றிக்கொள்கிறது.

ஆண்டின் பெரும்பகுதி இங்குப் பனி மூடியிருக்கும். கோரை வளர்வதற்குக் கோடைக்காலத்தின் சில வாரங்களே கிடைக்கின்றன. ஆகவே, மனிதர்கள் மிதித்து அழித்த இடம் மீண்டும் பசுமையாகப் பல்லாண்டுகள் ஆகும். மலையேறிகள் கூடாரமிட்டுத் தங்கியதால் இக்கணவாயின் புல்வெளி சிதைந்தது. வெறும் மண்ணே எஞ்சியது. 1968ஆம் ஆண்டில் இப்பகுதி தேசியப் பூங்காவானது. பின்னர், அங்குக் கூடாரமிடத் தடை விதிக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டில் ஜோ மில்லர், மார்கரெட் மில்லர் தம்பதியர் தொண்டூழியர்களாக முன்வந்து மறுநடவுப் பணியைத் தொடங்கினர்.

கருங்கோரையை இருவழிகளில் பெருக்கலாம். முதலாவது, கிழங்கு போல் மண்ணுக்கடியில் படரும் தண்டைப் பிரித்து நடுவது. ஒவ்வொரு துண்டிலும் வேரும் தளிரும் இருத்தல் வேண்டும். நல்ல புல்வெளியிலிருந்து அதிகமாகத் தோண்டினால் அங்கும் காயம் ஏற்படும். எனவே, சிறிதளவே எடுத்து, பசுமைக்குடிலில் வளர்த்து, மீண்டும் மீண்டும் பிரித்துப் பெருக்குவர்.

இரண்டாவது, விதையிலிருந்து வளர்ப்பது. கோடை முடிவில் முதிர்ந்த விதைகளைச் சேகரிப்பர். அவற்றை ஈரமணலில் கலந்து, சில மாதங்கள் குளிர்பதனப் பெட்டியில் வைப்பர். குளிர்காலம் கடந்துவிட்டது என உணர்ந்த பின்னரே விதை உறக்கம் கலைந்து முளைக்கும். விதைக்கு வெளிச்சமும் தேவை என்பதால் மண்ணின் மேற்பரப்பிலேயே தூவி, எப்போதும் ஈரமாக வைத்திருப்பர்.

நாற்றுகளைச் சிலகாலம் வெளியில் வைத்துக் குளிருக்குப் பழக்கிய பின்னரே மலைக்குக் கொண்டு செல்வர். அந்தந்த இடத்துச் செடியின் வழித்தோன்றலையே அங்கு நடுவர். ஏனெனில், அவ்விடத்துக் குளிரையும் குறுகிய கோடையையும் தாங்கும் திறன் அதற்கே உண்டு.

ஒரு காலடி நொடியில் நசுக்குவதை மீட்க ஆண்டுக்கணக்கான உழைப்பு தேவைப்படுகிறது. ஆதலால், வகுத்த பாதையை விட்டு விலகாமல் நடப்பதே இயற்கைக்கு நாம் செய்யும் எளிய உதவியாகும்.