இங்கிலாந்துப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுதல்

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரு குடும்பத்தின் முன்னோரைத் தேடுவோர் பெரிதும் நாடுபவை மூன்று வகை ஆவணங்கள் ஆகும். அவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள், திருமணப் பதிவேடுகள், கல்லறைத் தோட்டங்களின் அடக்கப் பதிவேடுகள். இவற்றில் எதுவும் பேரப்பிள்ளைகள் படிப்பதற்காக எழுதப்பட்டதல்ல. அரசுக்குத் தலைக்கணக்கு வேண்டியிருந்தது. தேவாலயத்துக்குத் திருமணம் செல்லுபடியாக வேண்டியிருந்தது. கல்லறை அலுவலகத்துக்கு எந்தக் குழியில் யார் என்று தெரிய வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு பதிவையும் பார்க்கும்போது, இதைச் சொன்னவர் யார், எழுதியவர் யார், மாற்றிச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பது அங்கு சாதாரணம். தவறான ஒருவரைக் கொள்ளுத்தாத்தாவாக எடுத்துக்கொண்டால், அவருக்கு மேலே தேடியதெல்லாம் வேறொரு குடும்பத்தின் வரலாறாகிவிடும்.

கணக்கெடுப்புப் படிவங்கள்

கணக்கெடுப்பு 1801இல் தொடங்கினாலும், நாடு முழுவதற்கும் பெயர்வாரியாகக் கிடைப்பது 1841 முதல்தான். அந்த ஆண்டில், 15 வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுமாறு கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லப்பட்டது. எனவே 1841இல் 35 என்று இருப்பவர் 1851இல் 49 என்று இருந்தால் அவர் வேறு ஆள் என்று தள்ளிவிடக் கூடாது. பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆசிரியரே பிறந்த தேதியைப் போட்டுக் கொடுத்த தலைமுறையைக் கண்ட நமக்கு இது வியப்பளிக்காது.

குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தார் ஆகிய விவரங்கள் 1851 முதல் கிடைக்கின்றன. பிறந்த ஊர் தெரிந்தால், 1538ஆம் ஆண்டு ஆணைப்படி தொடங்கிய தேவாலயப் பதிவேடுகளில் எதைத் திறப்பது என்பதும் தெரிந்துவிடும். உறவுச் சொற்களில் ஒரு பொறி உண்டு. ஆறு வயதுப் பையனுக்கு நேரே 'மருமகன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருக்கலாம். அக்காலத்தில் அச்சொல் மனைவியின் முந்தைய திருமணத்தில் பிறந்த மகனையும் குறித்தது. அப்படியானால் தேட வேண்டிய திருமணம் ஒன்றல்ல, இரண்டு.

படிவங்கள் நூறு ஆண்டுகள் மூடிவைக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022இல் வெளியாயின. 1931ஆம் ஆண்டுக்குரியவை 1942இல் தீயில் அழிந்தன. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளிக்கு 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்ட தேசியப் பதிவேடு ஓரளவு உதவுகிறது. (இந்தியாவில் 1881 முதல் தொடர்ந்து கணக்கெடுப்பு நடந்தும், இவ்வகையில் முன்னோரைத் தேட வழியில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் படிவங்களைப் பார்வையிட எவருக்கும் உரிமை கிடையாது.)

திருமணப் பதிவேடு

1837 ஜூலை 1 முதல் நடந்த திருமணப் பதிவுகளில் மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் இருப்பதால், ஒரே தாளில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். தாயின் பெயருக்கு இடம் கிடைத்ததோ 2021 மே மாதத்தில்தான். வயது என்ற இடத்தில் பல பதிவுகளில் எண் இராது. 21 நிறைந்தவர் என்ற பொருளில் 'முழு வயது' என்று மட்டும் இருக்கும். 21க்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதால், பதினெட்டு வயதினரும் முழு வயது என்று சொல்லிக்கொண்டதுண்டு. திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள் தந்தையின் பெயருக்கு இல்லாத ஒருவரைச் சொன்னதும் உண்டு.

மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிக்கும் வழக்கம் அங்கும் இருந்தது. உள்ளூரில் வாசித்தால் தடை சொல்ல ஆள் இருக்கும் என்று அஞ்சியவர்கள் பெருநகரத் தேவாலயங்களுக்குப் போனார்கள். நம் ஊரில் மனைவி இறந்தபின் மைத்துனியை மணப்பது இயல்பு. இங்கிலாந்தில் 1907 வரை அத்திருமணம் சட்டப்படி செல்லாது. சொந்த ஊரில் திருமணப் பதிவு கிடைக்காதபோது இதையும் நினைவில் கொள்ளலாம்.

தலைமைப் பதிவகத்தில் இருப்பது நகல். முன்னோரின் கையெழுத்தையோ கைக்குறியையோ காண வேண்டுமானால் தேவாலயத்தின் மூலப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்; அது பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும்.

இடையில் இறந்த குழந்தைகள்

ஒரு கணக்கெடுப்புக்குப் பின் பிறந்து, அடுத்ததற்கு முன் இறந்த குழந்தை எந்தப் படிவத்திலும் இராது. 1911ஆம் ஆண்டுப் படிவம்தான் இதைக் காட்டிக்கொடுக்கிறது. மணமான பெண்களிடம் எத்தனை ஆண்டு மணவாழ்வு, உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று அதில் கேட்கப்பட்டது. கேள்வி கைம்பெண்களுக்கு உரியதல்ல. ஆயினும் சிலர் எழுதினார்கள். அலுவலர்கள் அதை அடித்துவிட்டாலும் எண் தெரிகிறது. வீட்டார் தம் கையால் நிரப்பிய தாள்களே காக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பும் இதுவே.

'ஒன்பது, ஆறு, மூன்று' என்று இருந்தால் அந்த மூவர் யார்? இங்கேதான் மூன்று ஆவணங்களும் ஒன்றுசேர்கின்றன. திருமணப் பதிவிலிருந்து தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். தலைமைப் பதிவகத்தின் இணையப் பிறப்பு அட்டவணையில் 1837 முதலே அப்பெயர் சேர்க்கப்பட்டுள்ளது. இரு குடும்பப்பெயர்களும் பொருந்தும் பிறப்புகளைக் குறித்துக்கொண்டு, அதே வட்டாரத்தின் இறப்பு அட்டவணையில் பெயரையும் வயதையும் ஒப்பிட வேண்டும். அந்த நாளுக்கு அடுத்த சில நாட்களின் அடக்கப் பதிவேட்டில் முகவரியும் சரியாக இருந்தால் மட்டுமே உறுதி கொள்ளலாம். வயது சில வேளை 'மூன்று நாள்' என்றோ 'இரண்டு மணி நேரம்' என்றோ இருக்கும். இறந்தே பிறந்த குழந்தைகள் இவ்வழியில் கிடைக்கமாட்டார்கள். அவர்களுக்கான பதிவு 1927இல்தான் தொடங்கியது.

கல்லும் குழியும்

கல்லறைக் கல் வசதியுள்ளவர்களுக்கே வாய்த்தது. ஏழைகள் பொதுக் குழியில், தொடர்பில்லாத பலரோடு அடக்கம் செய்யப்பட்டார்கள். மேலே பெயர் இராது. ஆனால் பதிவேட்டில் குழி எண் இருக்கும். ஆகவே கல்லைத் தேடி அலைவதற்கு முன் பதிவேட்டைக் கேட்பது நல்லது.

கல் இருக்கும் இடத்தில்தான் உடல் இருக்கும் என்பதும் இல்லை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பதிக்கப்பட்டுள்ள கற்கள் பலவும் கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த பகுதியிலிருந்த பழைய கல்லறைத் தோட்டத்துக்கு உரியவை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படையினருக்கு அக்கல்லறைகள் மறைவிடமாகப் பயன்பட்டதால் கற்கள் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டன. கணக்கெடுப்பில் திடீரென மறைந்துபோன ஓர் ஆங்கிலேயர் இங்கு வந்திருக்கவும் கூடும். சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.