சம்பளப் பட்டியலை நீட்டிய தேடல் பெட்டி

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் ஷேர்பாயின்ட்டோடு வெளியார் தேடல் கருவி ஒன்றை இணைத்தார்கள். ஷேர்பாயின்ட்டுக்கென்று தேடல் வசதி ஏற்கெனவே உண்டு. ஆனால் எங்கள் கோப்புகள் அங்கே, பேச்சு ஸ்லாக்கில், புகார்கள் ஜிராவில். மூன்றையும் ஒரே பெட்டியில் துழாவத்தான் இந்த ஏற்பாடு. முதல் நாள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே பக்கத்து இருக்கைக்காரர் 'இன்கிரிமென்ட்' என்று தட்டினார். எச்.ஆரின் எக்செல் கோப்பு வந்து நின்றது. எங்கள் பிரிவு முழுவதன் சம்பளமும் அதில்!

எல்லோரும் கருவியைத் திட்டினார்கள். அது பாவம். அந்த ஃபோல்டருக்கு 'வெளியாட்களைத் தவிர எல்லோருக்கும்' என்று எப்போதோ யாரோ அனுமதி கொடுத்திருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.

இத்தகைய கருவி கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, தன்னிடம் ஓர் அட்டவணை போட்டுக்கொள்கிறது. எந்தக் கோப்பை யார் பார்க்கலாம் என்பதையும் கூடவே குறித்துக்கொள்கிறது. நாம் தேடும்போது, நமக்கு அனுமதி இல்லாததைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது. வில்லங்கம் இங்கேதான். காலையில் ஒருவரின் அனுமதியை நீக்குகிறீர்கள். கருவி மறுபடி வந்து பார்ப்பது ராத்திரி என்றால், அதுவரை அவர் தேடினால் கோப்பின் தலைப்பும் இரண்டு வரியும் தெரிந்துவிடலாம். விற்க வருகிறவர்கள் வேகத்தைக் காட்டுவார்கள். இந்த இடைவெளி எத்தனை நிமிடம் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் தேடலை வெளியிலிருந்து வாங்கியதுண்டு. மைக்ரோசாஃப்ட் 2008இல் நார்வேயின் ஃபாஸ்ட் நிறுவனத்தைச் சுமார் 120 கோடி டாலருக்கு வாங்கித் தன் ஷேர்பாயின்ட்டுக்குள் சேர்த்தது. ஸ்லாக் கதை வேறு. எல்லா உரையாடலையும் அறிவையும் தேடி எடுக்கக்கூடிய பதிவேடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்தப் பெயரே. அதே ஸ்லாக், 2025 மே மாதம் விதிகளை மாற்றி, வெளியார் கருவிகள் செய்திகளை மொத்தமாக அள்ளி அட்டவணை போட்டு வைத்துக்கொள்வதைத் தடுத்தது. கேட்கும்போது மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. பாதுகாப்பு என்பது அவர்கள் சொன்ன காரணம். போட்டியும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் அலுவலகத்தில் கருவியை நிறுத்திவைத்து, ஃபோல்டர் ஃபோல்டராக அனுமதிகளைச் சரிபார்த்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் அந்த வருடம் இன்கிரிமென்ட் பேச்சுக்குப் போகும்போது எல்லா எண்களையும் மனப்பாடமாக வைத்திருந்தார்.