நிலவும் நிலக்கரியும்

நிலாக்காலத் துறைமுகமொன்றைத் தைலவர்ணத்தில் தீட்ட முனையும் மாணவன், முதலிற் கறுப்பு வர்ணக் குழாயைத்தான் திறப்பான். இரவென்றால் இருள், இருளென்றாற் கறுப்பு என்பது அவன் கணக்கு. ஆங்கில ஓவியர் டேர்னர் 1835ஆம் ஆண்டு இலண்டனிற் காட்சிக்கு வைத்த இரவுச் சித்திரத்தைக் கண்டோர் அக்கணக்கைக் கைவிடுவர்.

நிலவொளியிற் கப்பலுக்குக் கரி ஏற்றும் தொழிலாளரே அதன் பொருள். இடம், இங்கிலாந்தின் வடகீழ்க் கரையில் தைன் நதி கடலைச் சேரும் ஷீல்ட்ஸ் துறைமுகம். சுரங்கக் கரி, 'கீல்' எனும் தட்டையான படகுகளில் ஆற்றுவழியே வந்து, கப்பல்களுக்குள் வாரி ஏற்றப்பட்டது. மஞ்செஸ்டர் நகரப் பஞ்சாலை முதலாளி ஹென்றி மக்கொனல் விரும்பிக் கேட்டு வாங்கிய படம் இது. முந்திய ஆண்டு அவர் வாங்கியது வெனிஸ் நகரக் காட்சி.

டேர்னரின் இரவு வானம் கறுப்பன்று. வெள்ளியும் வெளிர்நீலமும் இளமஞ்சளும் அதில் இழைகின்றன. நிலவும் நீரில் விழும் அதன் சுவடும் தடித்த வெள்ளையாற் பூசப்பட்டவை. வலப்புறத்தில் தீப்பந்தங்களின் செம்மஞ்சள். அந்த வெம்மை அருகே இருப்பதாலேயே நிலவு நமக்குக் குளிர்ந்து தோன்றுகிறது. படத்தின் உயிர் இங்கேதான் என்பது என் எண்ணம்.

தூரிகை எடுக்கும் மாணவர் சிலவற்றை மனங்கொள்ளலாம். கருநீலத்துடன் கபிலத்தைக் கலந்தால், குழாயிலுள்ள கறுப்பைவிட ஆழமான இருள் பிறக்கும். தூய வெள்ளையை நிலவுக்கென்றே ஒதுக்குக. எண்ணெய் குறைந்த மெல்லிய பூச்சு முதலில், எண்ணெய் மிகுந்தது பின்னர். மாறிச் செய்தால் மேற்பூச்சு வெடிக்கும். தைலவர்ணம் மெல்ல உலர்வது பொறுமையற்றவர்க்குத் தொல்லை. ஆயினும், பாய்மரங்களின் ஓரங்களை ஈரம் காயுமுன் வறண்ட தூரிகையாற் தடவினால், அவை மூடுபனியிற் கரைந்தனபோல் ஆகிவிடும்.

அப்படகுத் தொழிலாளரின் கதையையும் சொல்லவேண்டும். கரையிலிருந்து நேரே கப்பலுக்குள் கரியைச் சரிக்கும் அமைப்புகள் தம் பிழைப்பைப் பறிக்கின்றன என முறையிட்டு, 1822இல் அவர்கள் வாரக்கணக்காக வேலைநிறுத்தஞ் செய்தனர். பயன் கிட்டவில்லை. டேர்னர் அவர்களைத் தீட்டியபோதே அத்தொழில் தேய்ந்துகொண்டிருந்தது.

சித்திரம் இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பார்ப்பவர் கண் முதலில் நிலவில் நிலைத்து, பின் நீரொளிவழியே இறங்கும். வலது மூலைப் புகையில் மனிதர் நின்று கரி வாருவதைக் காணச் சற்று நேரம் பிடிக்கும்.