வட்டவளை: ஒரு பெயரின் கதை



கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்து மேலும் மலையேறுகிறது. கல்பொடைக்கும் ரொசல்லைக்கும் இடையே மழைமூட்டத்தினுள் ஒரு சிறிய நிலையம் தோன்றும். அதுவே வட்டவளை. பாதையோ வட்டமாய் வளைந்து வளைந்து மேலே செல்கிறது. ஆகவே இப்பெயர் தூய தமிழ்ப் பெயர் என்று எண்ணுவோர் பலர். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

உண்மையில் இது சிங்களப் பெயர். அம்மொழியில் 'வட' என்பது சுற்றிலும் அமைந்ததைக் குறிக்கும். 'வல' என்பது குழி அல்லது பள்ளம். மலைகள் சூழ்ந்த பள்ளம் எனப் பொருள் கொள்ளலாம். அவ்விடத்தைக் கண்டவர்கள் இப்பொருளை மறுக்கமாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் மேகம் அப்பள்ளத்தாக்கில் தடைப்பட்டு நின்று பொழிகிறது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை! இது யாழ்ப்பாணத்து மழையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்காகும். 1990களின் தொடக்கத்தில் அங்கே மலைச்சரிவு நகர்ந்து புகையிரதப் பாதையைப் பெயர்த்தபோது, பொறியியலாளர்கள் சரிவினுள் குழாய்களைச் செலுத்தி நிலத்தடி நீரை வடியச் செய்தே அதனை நிலைநிறுத்தினர்.

அப்படியாயின் 'வல' எவ்வாறு 'வளை' ஆயிற்று? தமிழகத்திலிருந்து கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் அழைத்துவரப்பட்ட நம் முன்னோர் தம் காதில் விழுந்த ஒலியைத் தம் நாவுக்கு இசைவாக்கிக் கொண்டனர். கொட்டகல அவர்களுக்குக் கொட்டகலை. தெமோதர அவர்களுக்குத் தெமோதரை. பண்டாரவெல என்பதில் உள்ள 'வெல' வயலைக் குறிக்கும் சொல். அதுவும் பண்டாரவளை ஆயிற்று. வயலும் பள்ளமும் தமிழ் வாயில் ஒரே 'வளை'யாகிவிட்டன! மொழியறிஞர் இதனைத் திரிபு என்பர். எனக்கோ இது ஒருவகைக் கையொப்பமாகவே தோன்றுகிறது.

ஏனெனில், பெயரிடும் உரிமை அம்மக்களுக்கு இருக்கவில்லை. அது துரைமாருக்கே உரியதாயிருந்தது. ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரிலிருந்து ஹட்டன் வந்தது. ஸ்ட்ராத்டன், லோனக் என்னும் தோட்டப் பெயர்களும் அங்கிருந்தே வந்தன. கெனில்வர்த் இங்கிலாந்தின் ஒரு கோட்டை. வட்டவளையின் பெரிய தோட்டங்களுள் ஒன்றின் பெயர் கரோலினா. ஊரைப் பிரிந்த ஏக்கத்தில் அவர்கள் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள் போலும். அதில் குறைகாண எனக்கு மனமில்லை. ஆயின் கொழுந்து பறித்தவர்களுக்கும் ஊர்கள் இருந்தனவே! திருச்சி, சேலம், புதுக்கோட்டை வட்டாரங்களின் எத்தனையோ சிற்றூர்களை நெஞ்சில் சுமந்து வந்தவர்கள் அவர்கள். அவ்வூர்களின் பெயர்கள் தோட்டப் பலகைகளில் ஏறவில்லை.

தொடக்கநூலில் யாக்கோபு வீட்டைவிட்டு ஓடுகிற வழிப்போக்கனாய் ஓரிரவு தங்குகிறார். விடிந்ததும், லூசு என வழங்கிய அவ்விடத்துக்குப் பெத்தேல் என்று பெயரிடுகிறார் (தொநூ 28:19). ஓரிரவு தங்கியவருக்குக் கிடைத்த அப்பேறு, தலைமுறை தலைமுறையாய்த் தங்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களால் இயன்றதெல்லாம் பிறர் இட்ட பெயரின் ஒலியை மாற்றுவதே. சிலவேளை அது எதிர்பாராத இடங்களுக்கும் சென்றது. ஹட்டன் பக்கத்து வெலிஓயாத் தோட்டத்தைப் பாருங்கள். 'வெலி' என்றால் சிங்களத்தில் மணல். 'ஓயா' என்றால் ஆறு. கம்பனியின் ஆங்கில ஏட்டிலோ அது 'வெள்ளை ஓயா' என்றே எழுதப்பட்டுள்ளது!

ஊர்ப் பெயர் நாவில் நிலைத்தாலும் ஊர் அவர்களுடையதாகவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. மலையகத்தில் பிறந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். வட்டவளை என்னும் பெயர் தேயிலைப் பொதிகளில் அச்சாகி நாடெங்கும் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. அத்தேயிலையைப் பறித்தவரின் லயத்து அறைக்கோ நெடுங்காலம் ஒரு முகவரி இருக்கவில்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து கைமாறி, சிலவேளை நேர்முகத் தேர்வு முடிந்த பின்னரே பிள்ளையின் கையைச் சேரும். பங்குப் பதிவேடுகளைப் புரட்டும்போதும் இதையே காண்கிறேன். திருமுழுக்குப் பெற்ற குழந்தையின் இருப்பிடம் என்னும் கட்டத்தில் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஆனால் லயத்து மக்களிடம் வேறொரு வரைபடம் உண்டு. பெரட்டுக்களம், கொழுந்து மடுவம், மேல்கணக்கு, பணியக்கணக்கு, எண்ணிட்ட மலைகள், ஆளின் பெயரால் வழங்கும் மலைகள். நில அளவைத் திணைக்களத்தின் தாளில் இவற்றைத் தேடிப் பயனில்லை. அவை முதியோரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. உங்கள் இல்லத்தில் தோட்டத்தில் பிறந்த தாத்தாவோ அம்மாயியோ இருப்பின், இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் அருகே அமர்ந்து கேளுங்கள்: எந்த மலைக்கு என்ன பெயர், ஏன் அப்பெயர்? குடும்பத் திருவிவிலியத்தின் முதல் தாளில், பிறப்பும் இறப்பும் எழுதும் இடத்திலேயே, அதையும் எழுதி வையுங்கள்.